புத்தகத்தில் தண்ணீர் பிடிக்கும் யூஜினா

டயகம
12.02.2024

அன்புள்ள பேத்தி ஜெனிதாவுக்கு அம்மாச்சி மரியநாயகி எழுதுவது.

கதை கேட்க வந்த அன்றைக்கு, தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்கள் நான், செல்லசாமி, பேச்சியம்மா, நமக்குத் தண்ணீர்க் குழாய் போட்ட வெளிநாட்டு நிறுவனத்து வெள்ளைக்காரம்மா, எங்கள் பேச்சை அவருக்கு இங்கிலீஷில் சொன்ன நீ. வேறு ஒருத்தருமில்லை. எனக்கு மறதி கிடையாது.

குழாயால் வாழ்க்கை எப்படி மாறியது என்று அந்த அம்மா ஆளுக்கொரு கதை கேட்டார். அந்தக் கதைகளை வைத்துத்தான் வேலையை எடைபோடுவார்களாம். வந்தவர் மனம் நோகக் கூடாதென்று மற்ற இருவரும், "நல்லா இருக்குங்க" என்றார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். மூன்றே மாதத்தில் குழாய் வறண்டது. என் மகள் யூஜினா, உன் அம்மா, மறுபடி பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போனாள். மழையில் சறுக்கி விழுந்து செத்தாள்.

நீ சொல்லச் சொல்ல அந்த அம்மா சிரித்தார். சாவைக் கேட்டு யாராவது சிரிப்பார்களா? நீ மாற்றிச் சொல்கிறாயோ என்று தோன்றியது, பேத்தியாச்சே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கதைகளை வைத்து நிறுவனம் போட்ட புத்தகம் வந்திருக்கிறது. முத்துலிங்கம் வாத்தியார் வாசித்துச் சொன்னார். என் படத்துக்குக் கீழே, 'என் மகள் யூஜினா இப்போது வாசலிலேயே தண்ணீர் பிடிக்கிறாள்' என்று இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் குழாய் வேலை முடிந்தது, இனி வரத் தேவையில்லை என்றும் போட்டிருக்கிறார்களாம்.

செல்லசாமி மருமகள் கிருஷாந்திக்கு எட்டு மாதம். அவளும் அந்தப் பீலிக்குத்தான் போகிறாள். நீ அவர்களிடம் உண்மையைச் சொல். வந்து குழாயைச் சரிபண்ணட்டும்.

அம்மாச்சி

*

கொழும்பு
26.02.2024

அன்புள்ள அம்மாச்சிக்கு,

இருமல் மருந்தை விடாமல் குடியுங்கள்.

அம்மா செத்துவிட்டார் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. நன்றாக இருக்கிறார் என்றுதான் வந்தது. எல்லாக் கதைகளிலும் அதைத்தான் சிறந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் எனக்கு இந்த நிறுவனத்தில் வேலை நிரந்தரமானது. இப்போது மாற்றிச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்குக் கட்டாயம் வருவேன்.

உங்கள் பேத்தி
ஜெனிதா

*

டயகம
09.03.2024

ஜெனிதாவுக்கு,

பொறுத்தோம். வியாழக்கிழமை கிருஷாந்தி பீலிப்படியில் விழுந்தாள். அவள் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. செல்லசாமி என் லயத்துக் காம்பரா வாசலில் குந்திக்கொண்டு, "நானுந்தானேக்கா நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்று அழுதான்.

நீ திருப்பலிக்கு வராதே. உன் புத்தகத்தில் உன் அம்மா உயிரோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு எதற்குப் பூசை?

பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், எல்லாரையும் மன்னித்தாயா என்று கேட்டார். வெள்ளைக்காரம்மாவை மன்னித்தேன், பாஷை தெரியாதவர். பேச்சியம்மாவை மன்னித்தேன். செல்லசாமியை மன்னித்தேன், அவனுக்குக் கிடைத்த தண்டனை போதும். ஒருத்தியை மட்டும் மாட்டேன் சாமி என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"யூஜினா பெற்ற ஜெனிதா" என்று.