தவளைகளின் ஓட்டு

மே 11

மேட்டு நிலத்தில் குடைமிளகாய் நாற்று நட்டு முடித்தேன். இடுப்பு போச்சு.

நாளை ஊர்க்கூட்டம். ஓடைக்கரையில் கட்டட முதலாளி ராதோய் சுற்றுலா வீடுகள் கட்டப்போகிறான். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். ஓடையைக் குழாய்க்குள் விட்டு மேலே மண் போட்டு மூடுவார்களாம். மூடட்டுமே! ஸ்பெயினில் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் என் மகள் இஸ்க்ராவுக்கு இங்கேயே வேலை தருகிறேன் என்கிறான்.

மே 12

இன்று நான்தான் ராஜா. எருமைக்கார ஸ்தமெனா அக்கா எழுந்து, "வீடு கட்டுங்க, வேணாங்கல. கார்ங்கள மேட்டுல நிறுத்துங்க. ஓடையையும் கரை மரங்களையும் விட்டுடுங்க. என் எருமைங்க எங்க போகும்? தவளைங்க எங்க போகும்?" என்றாள். நான் விடுவேனா? "அக்கா, தவளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, அதுங்களும் கை தூக்கி ஓட்டுப் போட்டிருக்குமே!" சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. அக்கா மறுபடி வாயைத் திறந்தாள். யாரோ தவளை மாதிரி கத்தினான். உட்கார்ந்துவிட்டாள். ஊர்த்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைகளை எண்ணினார்.

வரும் வழியெல்லாம் எனக்கு ரக்கியா சாராயம் ஊற்றினார்கள்.

ஜூலை 30

குழாய் போட்டாச்சு. இஸ்க்ரா வந்தாச்சு!

ஆகஸ்ட் 22

வெயில் கொளுத்துகிறது. குழாய்க்குக் கீழே எருமைகள் கிடக்கும் மடு, கட்டட மண் இறங்கித் தூர்ந்துவிட்டது. ஸ்தமெனா அக்கா கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து எருமை முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, மகாராணிக்கு ஷவரா?" என்றேன். நிமிரவில்லை. "இன்னொண்ண வித்துட்டேன், மின்கோ."

எனக்கெல்லாம் இது ஒரு வாயா? யார் கேட்டா உன்ன?

ஜனவரி 6

சிலுவைத் திருநாள். வழக்கம்போல மடுக்கரையில் ஊரே கூடியது. பாதிரியார் தண்ணீரில் சிலுவையை எறிவார், ஆண்கள் குதித்து எடுப்போம். மடுவை முன்னாலேயே யாரும் போய்ப் பார்க்கவில்லை. எதற்குப் பார்ப்பது? எப்போதும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம்தானே; கோடையில் தூர்ந்தாலும் மழைக்கு நிரம்பியிருக்கும் என்று நினைத்தோம், மேலே மெல்லிய பனிக்கட்டியும் படிந்திருந்தது.

எறிந்தார். டக் என்று சத்தம்.

அதற்குள் நாங்கள் குதித்துவிட்டோம். கணுக்காலளவு சேறு. பனியில் வெற்றுடம்போடு நிற்கிறோம். கரையில் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது— மின்கோ இப்போது என்ன சொல்லப்போகிறான் என்று.   சிலுவை என் காலடியிலேயே கிடந்தது. மற்றவர்கள் குனியவில்லை. எடுத்தேன்.

எடுத்தவன்தான் செப்புப் பாத்திரத்தில் தீர்த்தத்தோடு வீடு வீடாகப் போகணும். தீர்த்தம் குழாயடித் தண்ணீர். ஸ்தமெனா அக்கா கதவைத் திறந்தாள். சிலுவையின் இடுக்கில் சேறு ஒட்டியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த துணியால் நிதானமாகத் துடைத்தாள், முத்தமிட்டாள், திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம். திட்டல. நான் எங்க மூஞ்சிய வச்சிக்கிறது?

மார்ச் 17

ஓடையின் மேல் வளைவையும் மூட வேண்டுமாம். கூட்டம்.

எழுந்தேன். வாயே திறக்கல, சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன மின்கோ, இன்னிக்கு மீனுக்கும் ஓட்டா?" "ஓடைய விட்டுடுங்க. காருக்கு என் மேட்டு நிலத்த எடுத்துக்கோங்க" என்றேன். ராதோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நெசமாத்தான்யா சொல்றேன்!" அதற்கும் சிரிப்பு. ராதோய் கொடுத்த வேலைச் சட்டையோடு இஸ்க்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூட வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். தூக்கினேன். மறுபடி சிரிப்பு. பின்வரிசையில் இன்னொரு கை எழுந்தது. ஸ்தமெனா அக்கா. என்னைப் பார்க்கவில்லை; தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சிரிப்பு ஓய்ந்தது. அங்கங்கே கைகள் எழ, தலைவர் எண்ண ஆரம்பித்தார்.

ஏப்ரல் 20

மேல் வளைவு தப்பியது; கார் நிறுத்த ராதோயின் ஆட்கள் என் மேட்டு நிலத்தில் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் மிளகாய் இல்லை.

ஸ்தமெனா அக்கா எருமையை மேல் வளைவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். வேலியோரம் நின்றாள். "என்னடா மின்கோ, தவளைங்க என்ன சொல்லுது?"

 அவள் போன பிறகு காது கொடுத்துக் கேட்டேன். மேல் வளைவில் கத்துகின்றன. கீழே மடுவில் ஒரு சத்தமும் இல்லை.