பட்டாணி உட்கார்ந்த இடம்

2023 ஜூன் 5, திங்கள். அம்பிட்டிய

இன்று பத்துக்குப் பத்து. நான் ஒளித்து வைத்த கம்பிச் சுருக்குகளை எங்கள் மோப்ப நாய் பட்டாணி ஒன்றுவிடாமல் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் முன்னாலும் சப்பென்று உட்கார்ந்தாள். நாய்க்குச் சோறாக்கிப் போடுவதும், பயிற்சிக்குக் கம்பி ஒளிப்பதும்தான் என் வேலை. ஆனால் நானே மோப்பம் பிடித்தது மாதிரி ஒரே துள்ளல். அவளை நடத்துகிற ராஜலிங்கம் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். "சனிக்கிழமை சோதனையில நம்ம புள்ள பாஸ்தான் அழகம்மா, பாருங்க."

பாஸானால் அவருக்கும் பட்டாணிக்கும் ஹுன்னஸ்கிரியவில் வேலை, வேட்டைக்காரர் வைக்கிற சுருக்குகளைத் தேடி எடுக்க. போன வருஷம் அங்கே தேயிலைக்குள் சுருக்கு இறுக்கிச் செத்த சிறுத்தையைத் தூக்கினவர்களில் ராஜலிங்கமும் ஒருவர். தவறினால் பட்டாணியை யாருக்காவது காவலுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை நினைக்கவே மாட்டேன்.

ஜூன் 8

என் செருப்பைக் கடித்துவிட்டாள். திட்ட மனசு வரவில்லை.

ஜூன் 10, சனி

ஐயோ, மானம் போச்சு.

பொறுப்பாளர் சண்முகநாதன் ஐயா புதுக் கம்பிச் சுருக்கு அஞ்சு கொண்டுவந்து தானே ஒளித்தார். பட்டாணி அஞ்சையும் தாண்டிப் போய், மரத்தடியிலிருந்த அவருடைய சாப்பாட்டுப் பார்சல் முன்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். "உதுக்குள்ள புட்டும் மாசிச் சம்பலும்தான் கிடக்கு தம்பி" என்றார் ஐயா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம்தான் திக்கென்றது. பயிற்சிக் கம்பிகளை நான் எதில் போட்டு வைத்திருக்கிறேன்? மாசிக் கருவாடு இருந்த காலி டின்னில். நாலு மாசமாக. கழுவினேன், வெயிலில் காயவைத்தேன் — மாசி வாடை போகுமா? பாவம், அவள் இத்தனை நாளும் மாசியைத்தான் தேடியிருக்கிறாள்.

"நான்தான் சரியாப் பழக்கல" என்று ராஜலிங்கம் தலைகுனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன பொம்பள நான்?

ஜூன் 11

டின்னைக் கொண்டுபோய் ஐயாவின் மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும். ஐயா மூடியைத் திறந்து மோந்தார். "ஓம், மாசிதான்." அடக்கின சிரிப்பு அவருக்கு இருமலாக வந்தது. "மூண்டு கிழமை தாறன். அதுக்கு மேல கேக்காதேங்கோ."

ராஜலிங்கம் சிரிக்கவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்.

ஜூன் 14

புதுக் கம்பி, கண்ணாடிப் போத்தல். மாசிக்கு இந்தப் பக்கமே வரத் தடை. ராஜலிங்கம் என்னோடு பேசுவதில்லை. நாயோடு பேசுகிறார், எனக்குக் கேட்கிற மாதிரி.

ஜூலை 1, சனி

அஞ்சுக்கு அஞ்சு! ஐயா வேண்டுமென்றே மாசிச் சம்பல் பார்சலையும் வைத்திருந்தார். பட்டாணி நின்றாள். மோந்தாள். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டு நடந்துவிட்டாள், என் தங்கம். அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஆட்டம் ஆடினேன்.

ஜூலை 9, ஞாயிறு. ஹுன்னஸ்கிரிய

பட்டாணிக்குச் சோறாக்க நானும் கூடவே வந்திருக்கிறேன். நேற்று அவள் தேயிலைக்குள் ஒரு ஒற்றையடித் தடத்தில் உட்கார்ந்தாள். நிஜச் சுருக்கு. ராஜலிங்கம் வெட்டி எடுத்தார்.

இன்று காலை மறுபடி போய்ப் பார்த்தோம். ஈர மண்ணில் சிறுத்தையின் காலடி. நேராக வந்து, சுருக்கு இருந்த இடத்தை மிதித்துத் தாண்டிப் போயிருக்கிறது. பக்கத்திலேயே குட்டியின் அடி, என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை.

ராஜலிங்கம் பட்டாணியின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன அடிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.