தங்கம் வருவதற்குள் வைத்த கறி

என் பிரியமுள்ள மீனாட்சிக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் தங்கத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். நீ இருந்திருந்தால் இந்நேரம் பதுளைக் கடைத்தெரு முழுக்க உன் குரல் கேட்டிருக்கும். நானே கடை கடையாக ஏறி இறங்கிக் கற்கண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, பிரசவத்துக்காக அவள் நம் வீடு வந்து சேர்ந்த நாளைப் பற்றி. அதை வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

கொஸ்லந்தையிலிருந்து மாட்டுவண்டியில் அவளை அழைத்து வருவதாக மாப்பிள்ளை ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். வந்த ஆள் இன்னொன்றும் சொன்னான்: "அக்காவுக்கு ஒண்ணும் வாய்க்குப் பிடிக்கலைங்க. அவங்கம்மா வைக்கிற ஆட்டுக்கறிதான் வேணுமாம்." நீ போன பிறகு அந்தக் கறி நம் வீட்டு அடுப்பில் ஏறவேயில்லை. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். இருந்தாலும் அவள் வரவேண்டிய நாளில் கடையைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மல்லி, மிளகு, காய்ந்த மிளகாய் வறுத்து அம்மியில் அரைத்தேன். கரகரப்பாகவா அரைப்பாய், மைய அரைப்பாயா? நினைவுக்கு வரவில்லை, நடுவில் எங்கோ நிறுத்திவிட்டேன். எலும்புக்கறியை வெங்காயம், பட்டை, ரம்பை இலையோடு வதக்கி, இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றி மூடினேன். உருளைக்கிழங்கையும் முள்ளங்கியையும் நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

வெளியே மழை விடவே இல்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் துணிக்கடை இபுராஹிம் நானா நனைந்துகொண்டே வந்தார்.

"அண்ணே, நேத்து கொஸ்லந்தைக்கு இந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சி ரோட்டை மூடிருச்சாம். ஒரு வண்டி பள்ளத்துல போயிருச்சுன்னு பேசிக்கிறாங்க."

"யாரு வண்டி?"

"தெரியலண்ணே."

அவர்கள் அந்த வழியாகத்தான் நேற்று வந்திருக்க வேண்டும். நான் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினேன். நானா கையைப் பிடித்து நிறுத்தினார். "பண்டாரவளை வரைக்கும் போய் விசாரிக்க நான் ஆள் அனுப்புறேன். புள்ள வந்து நிக்கிற நேரம் வீடு பூட்டிக் கிடக்கலாமா? நீங்க இங்கேயே இருங்க."

அதனால் அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். பால் வற்றும்போதெல்லாம் சுடுதண்ணீர் ஊற்றினேன். வேறு என்ன செய்ய முடியும், மீனாட்சி? நானாவின் மனைவி ஆமினா வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

"கறி வெந்திருச்சே அண்ணே. காயைப் போடலாமே?"

"தங்கம் வரட்டும்மா. இப்பவே போட்டா குழைஞ்சிரும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு விறகை வெளியே இழுத்துத் தணலைச் சிறிதாக்கிவிட்டு, என் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். ஓடினேன். யாரோ ஒருவருடைய வண்டி. அதிலிருந்து முழங்கால்வரை சேறோடு மாப்பிள்ளை இறங்கினார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கம் இறங்கினாள். இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அப்பா, வாசம் தெரு வரைக்கும் வருதுப்பா!"

பள்ளத்தில் போனது அவர்கள் வண்டிதான், மீனாட்சி. மாப்பிள்ளைதான் சொன்னார். "இவளுக்குக் குமட்டுதுன்னு இறங்கி ஓரமா நின்னோம் மாமா. கண்ணு முன்னால மலை இறங்கிருச்சு. வண்டிக்காரர் குதிச்சிட்டாரு. மாடுங்கதான் வண்டியோட போயிருச்சு."

மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து சனங்கள் ஓடி வந்திருக்கிறார்கள். ராத்திரி தங்கவைத்து, சூடாகச் சாயத்தேநீர் கொடுத்து, தங்கள் கம்பளியைப் போர்த்தியிருக்கிறார்கள். விடிந்ததும் ஒரு நாற்காலியில் கம்புகளைக் கட்டி, அவளை அதில் உட்காரவைத்து, தேயிலை மலை வழியாகச் சுமந்து வந்து சரிவுக்கு இந்தப் பக்கம் வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மாசக்கணக்காக அவளைப் பாடாய்ப்படுத்திய அந்தக் குமட்டலை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! அதுதான் நம் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது.

காய்களை அள்ளிப் போட்டு, வெந்ததும் கெட்டிப்பாலை ஊற்றி இறக்கினேன். சோற்றில் பிசைந்து முதல் வாய் வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா கறி மாதிரி இல்லப்பா."

எனக்குத் தெரியாதா?

"ஆனா நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க."

அவசரமாக அள்ளிப் போட்டதில் குழம்பு பாயெல்லாம் சிந்தியது. மாப்பிள்ளை சிரித்தார், தங்கம் சிரித்தாள், கதவோரம் நின்ற ஆமினா அழுதாள். நீ போன பிறகு நம் வீட்டில் மனிதர்கள் அப்படிச் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

குழந்தைக்கு உன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள் தங்கம். "உங்கம்மா பேரைச் சொல்லி நான் எப்படிம்மா அதட்டுறது?" என்று கேட்டேன். "உங்க அதட்டலுக்கு அம்மா என்னைக்குப் பயந்தாங்க?" என்கிறாள். இந்த வழக்கை நீயே தீர்த்து வை.

மழைக்காலம் முடிந்ததும் நானே அவர்களைக் கொஸ்லந்தையில் கொண்டுபோய் விடுவேன். மண் சரிந்த இடத்தில் எல்லோரையும் இறக்கி நடத்தியே கூட்டிப்போவேன். அப்படியே அந்த லயத்துக்கு ஏறி, நாற்காலி சுமந்தவர்கள் கையில் உன் பேத்தியைக் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் மறு வேலை. இது உனக்கு நான் தரும் வாக்கு.

புதிதாகத் தாத்தாவாகியிருக்கும்,
உன் வீட்டுக்காரன்.