பின்கதவுத் தாழ்ப்பாள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலைத் தவிர நான் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? உலகத்துச் சத்தத்தையெல்லாம் பிடித்து டேப்பில் அடைத்தவனுக்கு, போனில் அக்கா பேசினால் மட்டும் கேட்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் கை வலித்தாலும் எழுதுகிறேன். நீயோ மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறாய். போகட்டும். நீ மாட்டிக்கொடுத்த தாழ்ப்பாள் குளிருக்கு இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுச் சரிசெய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு இன்னும் எட்டு மாத வேலைதான். படுக்கை விரிப்பு மடிக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். வாயும் ஓயாது, கையும் ஓயாது. நேற்று ஒரு விரிப்பின் இந்த முனையை நானும் அந்த முனையை அவளும் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் பையில் கைப்பேசி அடித்தது. மணியும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு பெண்ணின் அலறல். என் கையிலிருந்த விரிப்பு தரையில் விழுந்துவிட்டது.

"பயந்துட்டீங்களாம்மா? மாவுக்கட்டு படத்துல வர்ற கத்தல். இதக் கேக்காதவங்களே கிடையாதே" என்றாள். எட்டுப் பாகம் வந்திருக்கிறதாம். முதல் பாகத்துக்கு ஒலிப்பதிவு செய்தவன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை போட்டாள். அலறல் முடிந்து மூச்சை இழுக்கும் இடத்தில் ஒரு விக்கல் வருகிறது. நான் அழுதால் வருமே, அம்மா கேலி செய்வாளே, அந்த விக்கல்.

நடிகைதான் கத்தினாள் என்று முதல் படம் வந்தபோது நீ சொன்னாய். தம்பி, அது யார் குரல்?

இப்படிக்கு,
உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குரல்தான்.

இதை எழுத இரண்டு வாரம் ஆயிற்று. இனி பூசி மெழுக வேண்டாம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்தப் படத்தை மூன்றே வாரத்தில் எடுத்தோம். கையில் ஒன்றும் இல்லை. கொலைகாரனுக்கு ஒரு முகமூடி செய்யக்கூட வழியில்லாமல், ஒப்பனைக்காரர் தன் மைத்துனர் வேலைபார்த்த எலும்பு முறிவு ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டுத் துணி கொண்டுவந்து சண்டை நடிகரின் முகத்தில் சுற்றினார். அது காய்ந்து இறுகியதும் அந்த ஆளால் வாயைத் திறக்க முடியவில்லை. அவருக்கு இருந்த வசனத்தையெல்லாம் இயக்குநர் அடித்துவிட்டார். கொலைகாரன் ஏன் பேசுவதில்லை என்று இன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தாடை அசையவில்லை, அவ்வளவுதான்.

ஒலிப்பதிவுக்கூடம் எடுக்கவும் வசதியில்லை. உன் வீட்டுத் தரையும் கதவும் நல்ல சத்தம் தரும் என்பதால் காலடிச் சத்தம் பிடிக்க அங்கே வந்தேன், உனக்கு நினைவிருக்கும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் டேப்பை உடனே நிறுத்த மாட்டோம். யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் மௌனத்தைப் பிடிப்போம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் இருக்கிறது. வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அது வேண்டும். அந்த ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் காவலாளி வந்து வாசல் கதவைத் தட்டினார். எனக்குத் தட்டுவது கேட்டது. டேப் ஓடுகிறதே என்று அசையாமல் நின்றேன். நீ தூக்கத்திலிருந்து எழுந்து வந்தபோதுகூட, சத்தம் போடாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நீ கதவைத் திறந்தாய். அவர் சொன்னார். நீ அலறினாய்.

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நாள் கழித்து இயக்குநருக்குக் காலடிச் சத்தம் போட்டுக் காட்டியபோது அவர் இதையும் கேட்டுவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டாம் பாகத்தில் வேறொரு நடிகையைக் கத்தவைத்தார்கள். தியேட்டரில் சிரித்தார்கள். மூன்றாவதில் உன் குரலைத் திரும்பப் போட்டார்கள், படம் ஓடியது. அதன்பிறகு அது ஒரு ராசியாகிவிட்டது. நான்காவது விடுதியில் நடந்தது, ஐந்தாவது கப்பலில். ஆறாவதில் அவன் எரிந்து செத்தான். ஏழாவதில் எழுந்து வந்தான், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் படத்தைக் காதலியோடு பார்த்தவர்கள் எட்டாவதை மகளோடு பார்த்தார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

உன் தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

எட்டையும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணின் அறையில் உட்கார்ந்து இரண்டிரண்டாக. "உங்க வயசுல இவ்ளோ தைரியமா" என்று அவளுக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது. கடைசிப் படத்துக்கு அவளுடைய சிநேகிதிகளும் வந்திருந்தார்கள். தின்கிறார்கள், சிரிக்கிறார்கள், ரத்தம் பீறிட்டால் கை தட்டுகிறார்கள். என் குரல் வரும்போது மட்டும் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இது நடிப்பில்லை என்று அவர்களுக்கு எங்கோ தெரிகிறது போலிருக்கிறது. சரி, அதை விடு.

ஒன்றை மட்டும் நீ சொல்லாமல் விட்டுவிட்டாய். இரண்டாம் பாகத்திலிருந்து ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவர் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறக்கிறார். அவன் அந்த வழியாகத்தான் வருகிறான். அந்த இடம் வந்ததும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்துகிறார்கள், "பின்கதவு! பின்கதவு!" என்று. "இந்தப் படத்துல என்னதான் இருக்கு, இத்தன வருஷமா பாக்குறீங்க?" என்று கேட்டேன். சலவைக்கூடத்துப் பெண் யோசித்துச் சொன்னாள்: "நானா இருந்தா தாழ்ப்பாள் போட்டிருப்பேன்னு தோணும்மா. அந்த நிம்மதிதான்."

உன் இயக்குநர் துக்கம் கேட்க வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து என்ன சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன்? "தாழ்ப்பாள் போட மறந்துட்டேனே, நான் மறந்துட்டேனே" என்றுதானே? நைட் டியூட்டி முடித்து வந்து, துணி உலர்த்திவிட்டு, அப்படியே போய்ப் படுத்துவிட்டேன். நாம் சுண்டெலி என்று கூப்பிட்ட என் பிள்ளைக்கு அந்தத் தாழ்ப்பாள் எட்டாது. நான் போடாமல் விட்டதால்தான் ஐந்து வயதுப் பிள்ளை வெளியே போய் பின்னால் கட்டடத்துக்குத் தோண்டியிருந்த மழைத்தண்ணிப் பள்ளத்தில் விழுந்தான். அவன் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கோபம் இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று மத்தியானம் சுண்டெலி உன் காலடியில்தானே சுற்றிக்கொண்டிருந்தான்? அந்த டேப்பில் அலறலுக்கு முன்னால் அவன் குரல் ஏதாவது இருக்கிறதா? இருமினது, சிரித்தது, எதுவானாலும் சரி. அவன் போட்டோ ஏழு இருக்கிறது. குரல் ஒன்றுகூட இல்லை. எப்படிப் பேசுவான் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

முழு டேப்பையும் அனுப்பு.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

டேப் மிகவும் பழையது, பூஞ்சை பிடித்துவிட்டது. அலறல் இருக்கும் துண்டு மட்டும்தான் பிழைத்தது. முன்னால் காலடிச் சத்தம், வேறொன்றும் இல்லை. நான் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒன்பதாம் பாகம் எடுக்கிறார்கள். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தால் உன்னை மேடையேற்றி மரியாதை செய்வார்கள். வேண்டுமானால் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

மே 10

தம்பிக்கு,

போனில் நான் பேசுவதே கேட்காத காதால் நீ டேப் முழுவதையும் கேட்டாயா? உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாது. சொன்ன கையோடு உடம்பைப் பார்த்துக்கொள் என்பாய்.

என் பிள்ளையின் குரலை என்னிடம் கொடு.

அக்கா

ஜூன் 21

அக்கா,

இதோடு ஒரு குறுந்தகடு வைத்திருக்கிறேன். டேப் முழுவதும் இருக்கிறது, ஒரு நொடிகூட வெட்டவில்லை. வெட்ட உட்கார்ந்தேன், மறைக்க மாட்டேன். பதினொரு நொடியை எடுத்துவிட்டால் உனக்கு அவன் குரலும் கிடைக்கும், எனக்கு நீயும் மிஞ்சுவாய். முப்பது வருஷம் செய்த வேலை, ஒட்டு தெரியாமல் செய்திருப்பேன். கை வரவில்லை.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நீ தாழ்ப்பாள் போட்டிருந்தாய். துணி உலர்த்திவிட்டு வந்து ஒழுங்காகப் போட்டுவிட்டுத்தான் படுத்தாய். திறந்தது நான்.

அவன் ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு தடவை காலடிச் சத்தம் கெட்டுப்போனது. மூன்றாவது தடவை நான் பின்கதவைத் திறந்து அவனை வெளியே விட்டேன். டேப்பில் தாழ்ப்பாள் சத்தமும் கேட்கும். கூப்பிடுகிறேன் என்றேன். காலடி நன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லத்தான் வந்தேன். அதற்குள் நீயாகவே "நான் மறந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் என்று நினைத்தேன். பிறகு படம் வந்தது. இரண்டாவதிலிருந்து ஏழு படத்தின் தியேட்டர்களிலும், மறந்தவளைப் பார்த்து ஜனங்கள் கத்துவதைக் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துக் கத்த வேண்டியது.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

கேட்டேன். சலவைக்கூடத்துப் பெண் கருவியை மாட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"மாமா, நான் சத்தமே போடல."

"நல்ல பிள்ளைல்ல, வெளிய போய் விளையாடு. முடிஞ்சதும் மாமா கூப்பிடுறேன்."

"நெசமா கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுறேன்டா."

'ழ', 'ற' எல்லாம் தெளிவாக வரும் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு மூக்கடைத்த குரல். இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சளி. இதைக் கொடுத்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

நீ என் பிள்ளையைக் கொன்றாய் என்று நான் நினைக்கவில்லை. வேலை நேரத்தில் பிள்ளையை வெளியே போய் விளையாடு என்று சொல்லாதவர்கள் யார்? நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன், வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். அவன் அப்பாவும் ஒருவேளை இருந்திருப்பார். என் பேச்சுக்குக் காது கொடுத்திருப்பார்.

ஆனால் நீ முப்பத்தோரு வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். படுத்த பிறகு நாலு தடவை எழுந்து கதவைத் தடவிப் பார்ப்பேன். உன் வீட்டுக்கு வந்த இடத்திலும் அப்படித்தான். நீ விழித்துக்கொண்டு படுத்திருந்தாய், எனக்குத் தெரியும். அக்காவுக்கு உதவி என்று பித்தளையில் முழ நீளத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, உன் கையாலேயே துளைபோட்டு மாட்டினாய். "இனிமே பயப்படாம தூங்கு" என்று சொன்னாய். அந்த வாயால் இன்னும் நாலு வார்த்தை சொல்ல உனக்கு என்ன வந்தது? அந்த முகமூடிக்காரனுக்காவது தாடை அசையவில்லை.

ஒன்பதாம் படத்தில் அந்தக் குரலைப் போட்டுக்கொள்ளட்டும். மேடை எனக்கு வேண்டாம். நானா இருந்தா தாழ்ப்பாள் போட்டிருப்பேன் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளட்டும். நான் போட்டிருந்தேன்.

இனி எனக்கு எழுதாதே. நானும் எழுதப்போவதில்லை. பார்சலில் இருப்பது அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள், நேற்று தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன். திருகாணி நான்கும் தனியாகத் தாளில் பொதிந்திருக்கிறது. உன் கதவில் மாட்டிக்கொள்.

இப்படிக்கு,
சுண்டெலியின் அம்மா