எங்க கெணத்துக்கு அட்மின் யாரு

பிப். 3, செவ்வாய்

காலையில ஒரே பனி. இண்டூர் ஸ்டாப்புல பஸ்ஸோட லைட் மட்டும்தான் தெரிஞ்சுது. துப்பட்டாவ தலையில சுத்திக்கிட்டு ஏறுனேன்.

ப்ராஜெக்ட் டீம் முடிவாயிடுச்சு. நான், ரேவதி, ஆனந்த். லீடர் நான். ஓட்டெடுப்பெல்லாம் வெக்கல. ரேவதி அரூர்காரி, ஹாஸ்டல். ஆனந்துக்கு தொப்பூர், அவங்கப்பாவுக்கு ரோட்டோரத்துல டிபன் கடை. கணவாயில லாரி கவுந்தா அன்னிக்கு அவனுக்கு ரெண்டாவது பீரியட்லதான் காலேஜ்.

கிளாஸ்ல பாதிப் பேரு டவுன்ல ரெடிமேடா வாங்கறாங்க. ப்ராஜெக்ட், ரெக்கார்டு எல்லாம் சேத்து, பேரு மட்டும் மாத்திக்கணும். "நாமளும் அப்டியே முடிச்சுரலாமே"ன்னான் ஆனந்த். வைவாவுல கேள்வி கேட்டா கடைக்காரரக் கூட்டியாந்து நிறுத்துவியான்னு கேட்டேன்.

என் ஐடியாதான் ஓகே ஆச்சு. 'முறை'ன்னு ஒரு போன் ஆப். எங்க தோட்டத்துக் கெணறு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. ஒரு நாள் நாங்க மோட்டார் போடுவோம், ஒரு நாள் அவங்க. நடுவுல கரண்ட் போகும், நோம்பி பண்டிகை வரும், இன்னிக்கு யாரு முறைன்னு சண்டை வரும். ஆப் அந்தக் கணக்க வெச்சுக்கும். இங்க ஊருக்குப் பத்து கூட்டுக் கெணறு இருக்குது. மொதல்ல எங்குளுது.

கைடு சார் தலைய நிமிராமயே சொன்னாரு: "நெஜமான யூசர்னு சொல்றீங்க இல்ல? ரெண்டு பங்காளியும் ஓட்டிப் பாத்துட்டோம்னு கையெழுத்து போட்ட பக்கம் ரெக்கார்டுல இருக்கணும்மா. இல்லன்னா கடைப் ப்ராஜெக்ட்டுக்கு போடற மார்க்குதான்."

"ரெண்டு கையெழுத்துதானங்க சார், வாங்கிரலாம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

படி எறங்கறப்பதான் ஒரைக்குது. போன கோடையில இருந்து சித்தப்பா வூட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்ல.

பிப். 5, வியாழன்

பிளான்:
- தேவை என்னன்னு கேட்டு எழுதறது: நான்
- படம், ஸ்கிரீன்: ஆனந்த்
- டேட்டாபேஸ்: நான் (வேற யாரு)
- டாக்குமெண்ட்: ரேவதி. கையெழுத்து நல்லாருக்கும்னு சொன்னா. டைப்தான் பண்ணணும்னு ஆனந்த் ஞாபகப்படுத்துனான்.

சாயங்காலம் அப்பா பால் பீச்சறப்ப பக்கத்துல குத்த வெச்சு கேட்டேன். ரூல் ஒன்னு: ஒரு நாள் நம்முளுது, ஒரு நாள் அவனுது. ரூல் ரெண்டு: கரண்ட் போனா முறையும் போச்சு. அடுத்த நாள் அடுத்தவங்குளுது. "எங்கப்பன் காலத்துல இருந்து அதான் வழக்கம்"னாரு. எழுதிக்கிட்டேன்.

சண்டையே இந்த ரெண்டாவது ரூல்லதான். போன கோடையில சித்தப்பா முறையப்ப டிரான்ஸ்பார்மர் போச்சு. சரி பண்ணி கரண்ட் வந்த அன்னிக்கு எங்க முறை. அப்பா மோட்டாரப் போட்டு எங்க மஞ்சளுக்கு தண்ணி கட்டிட்டாரு. அவங்க தக்காளி காஞ்சுபோச்சு. அப்ப இருந்து சாவிய ஸ்டார்ட்டர் பொட்டி ஆணியில மாட்டிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டு போறாங்க. செவுரு ஒன்னுதான் ரெண்டு வூட்டுக்கும்.

அம்மா: "படிக்கறதுக்கு ஒலகத்துல வேற விஷயமே கெடைக்கலயா உனக்கு?"

பிப். 8, ஞாயிறு

சித்தப்பாகிட்ட கேக்க ரேவதிய அனுப்பிச்சேன். நான் எங்கூட்டுல செவுத்துல காத வெச்சுக்கிட்டு நின்னேன். லீடர் பண்ற வேலையா இது. ஒரு எழவும் கேக்கல, மிக்ஸி சத்தம்தான்.

ரேவதி காபி குடிச்சு, முறுக்கு தின்னு, வாயத் தொடச்சுக்கிட்டு வந்தா. அவ எழுதிக்கிட்டு வந்த ரூல்: கரண்ட் போனா மீதி முறைய அடுத்த நாள் குடுத்துறணும்.

"எங்க தாத்தா காலத்து வழக்கம் வேறயாச்சேன்னு சொன்னியா?"

"சொன்னன்டி. அதுக்கு உங்க சித்தப்பா, 'எங்கப்பா காலத்துல ஆயில் எஞ்சினு பாப்பா, அதுக்கு ஏது கரண்ட்டு'ங்கறாரு."

சிரிச்சுட்டேன். அப்பறம் எரிச்சலா வந்துச்சு. அப்பா அத்தன தெம்பா சொன்னாரு, நானும் ஒரு வார்த்த திருப்பிக் கேக்காம எழுதியிருக்கேன்.

ஒரே கெணறு, ரெண்டு ரூலு. எதப் போடறது? ரெண்டையும் போட்டுரலாம், செட்டிங்ஸ்ல மாத்திக்கட்டும்னு முடிவு. ஆனந்த் போன்லயே கைதட்டுனான். எனக்கே என்னய புடிச்சுப்போச்சு இன்னிக்கு.

ஞாபகம்: பென் டிரைவ் ரேவதி பையில. ரெண்டு முறுக்காவது கொண்டாந்திருக்கலாம் அவ.

பிப். 12, வியாழன்

வெயில் ஏறிருச்சு. லேப்ல ஒரு ஃபேன்தான் சுத்துது.

ரெக்கார்டுக்கு சீனியரோட ஃபார்மட்ட வாங்கிட்டோம். அது ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட். ரேவதி பேரெல்லாம் மாத்திட்டேன்னு சத்தியம் பண்ணா. நான் படிச்சுப் பாத்தா, "பேஷண்ட் வந்தவுடன் மோட்டார் இயக்கப்படும்"னு ஒரு வரி. ஆனந்த் சிரிச்ச சிரிப்புல லேப் அண்ணன் வந்து வெளிய போகச் சொல்லிட்டாரு.

முடிஞ்சுது: லாகின், முறைக் காலண்டர், மோட்டார் போட்டா நிறுத்துனா பதிவு, போன்ல பேச்சுக் குரல்ல "இன்னிக்கு உங்க முறை". ஆப் எப்படி ஓடும்னு காட்டற படமும் போட்டாச்சு. ஃபார்மட்ல இருக்கற மாதிரியே மேல ஒரு டப்பா அட்மின், கீழ ஒரு டப்பா யூசர். பேர நான் ரொப்புனேன்: அட்மின்ல அப்பா பேரு, யூசர்ல சித்தப்பா பேரு. செட்டிங்ஸ் அட்மின் கையில.

ஞாயித்துக்கெழமை கையெழுத்து வாங்கறோம், முடிக்கறோம்.

பிப். 15, ஞாயிறு

வாங்கல.

ரேவதியும் ஆனந்தும் போனாங்க. சித்தப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு படத்த ரொம்ப நேரம் பாத்தாராம். அட்மின்னா என்னாப்பான்னு கேட்டாராம். இந்த ஆனந்த் மடையன் பாடம் நடத்தற மாதிரி வெளக்கியிருக்கான்: "அவரு சொன்னாத்தாங்க எதுவும் மாறும். நீங்க யூசருங்க. பாத்துக்கலாம், மாத்த முடியாது."

பேப்பர மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாராம். "கெணத்துல பாதி எங்கண்ணனுது, பாதி என்னுது. இதுல நான் மட்டும் எப்படிப்பா யூசரு? அண்ணன் பொண்ணு அண்ணனுக்குத்தான செய்யும். போங்க, கோவமில்ல"ன்னாராம்.

மொதல்ல அவரு மேலதான் கோவம் வந்துச்சு. ஒரு கையெழுத்து, போட்டா கை தேஞ்சா போயிரும்? அப்பறம் நானே படத்த எடுத்துப் பாத்தேன். மேல அப்பா. கீழ சித்தப்பா. நடுவுல ஒரு அம்புக்குறி. அப்பாவ மேல வெக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல. ரெண்டு டப்பா காலியா இருந்துச்சு, ரொப்பிட்டேன். அதான் வயித்தெரிச்சலா இருக்குது. பேஷண்ட்ட புடிக்கத் தெரிஞ்ச எனக்கு அட்மினப் புடிக்கத் தெரியல.

அப்பா கேட்டாரு, போட்டானான்னு. இல்லப்பான்னேன். "பாரு, அவன் கொணம்"னாரு. படத்த மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டேன்.

பிப். 17, செவ்வாய்

அட்மின தூக்கிரலாம்னு பஸ்லயே முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டு டப்பாவும் பக்கத்துல பக்கத்துல. ஒரே அளவு. எது மாத்தறதா இருந்தாலும் ஒருத்தர் ஆப்ல கேக்கணும், இன்னொருத்தர் "சரி"ய அழுத்தணும். அழுத்தலன்னா பெண்டிங். யாரும் தனியா மாத்த முடியாது, நான் உட்பட. செட்டிங்ஸும் வேண்டாம். கரண்ட் போச்சுன்னா அன்னன்னிக்கு கேட்டுக்கட்டும்.

ஆனந்த் தலையில கைய வெச்சுக்கிட்டான். "பாதி ப்ரோக்ராம் மாறும்டி."

"மாறட்டும். தொப்பூர்ல லாரி கவுந்தா ரோட்டயா தூக்கிப் போடறீங்க? ஓரமாத் தள்ளிட்டு போறீங்க இல்ல?"

அதுக்கும் இதுக்கும் என்னா சம்மந்தம்னு கேட்டான். எனக்கும் தெரியல. ஆனா ஒக்காந்து பண்ண ஆரம்பிச்சுட்டான்.

கைடு சார்தான் பெரிய செவுரு. "அட்மின் இல்லாம ஒரு ப்ராஜெக்ட்டாம்மா? ஃபார்மட்ல இருக்குதே."

"ஃபார்மட்ல இருக்குதுங்க சார். எங்க கெணத்துல இல்லீங்க."

சார் ரேவதியப் பாத்தாரு. ரேவதி ஃபேனப் பாத்தா.

"வைவாவுக்கு வெளிய இருந்து வர்றவரு கேப்பாரு. நீயே பதில் சொல்லிக்க."

"சொல்லிக்கறேங்க சார்."

என்னா பதில்னு பஸ்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

பிப். 20, வெள்ளி

இந்தவாட்டி யாரையும் அனுப்பல. நானே போனேன்.

செருப்பு மாட்டறப்ப அம்மா பாத்துட்டாங்க. எங்கன்னு கேக்கல. உள்ள போயி ஒரு மஞ்சப்பை நெறைய அவரைக்காயோட வந்தாங்க. "போறவ வெறுங்கையோட போவாத." அவ்ளோதான்.

நாலு எட்டு வெச்சா வந்துர்ற வூடு. சித்தி பைய வாங்கிக்கிட்டு, "எளச்சுட்டியே கண்ணு"ன்னாங்க. நான் எளைக்கவே இல்ல. கண்ணு கலங்கிருச்சு எனக்கு, படத்த விரிக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

சித்தப்பா பாத்தாரு. "இதுல என் டப்பா எது?"

"எத வேணா எடுத்துக்குங்க சித்தப்பா. ரெண்டும் ஒன்னுதான்."

"அண்ணன் என்னா சொன்னாரு?"

"அவுருகிட்ட இன்னும் காட்டல. மொதல்ல உங்ககிட்டதான்."

சித்தப்பா போன்ல ஆப்ப ஏத்திக் குடுத்தேன், ஓட்டிப் பாத்தாரு. குரல் வந்ததும் சித்தி சிரிச்சாங்க, ரேவதி குரலுதான் அது. அப்பறம் சித்தப்பா பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்து போட்டாரு.

அப்பா போன்லயும் ஆப்ப ஏத்துனேன், அவர் கையெழுத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி. "இதுல அட்மின்னு ஒன்னு இருந்துச்சே?"

"எடுத்துட்டேன்பா."

என் மூஞ்சியப் பாத்தாரு. பேப்பர் கிழியற மாதிரி அழுத்திப் போட்டாரு. போட்டுட்டாரு, அது போதும்.

அம்மா: "பை எங்கடி?" அங்கயே இருக்குதுன்னேன். "வரட்டும், வரட்டும்"னாங்க.

பிப். 24, செவ்வாய்

ரெக்கார்டு பைண்டிங் வந்துருச்சு. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. மூனு பேரும் மாத்தி மாத்தி மோந்து பாத்தோம். நாளைக்கு வைவா.

இன்னிக்கு சித்தப்பா முறை. மத்தியானமே டிரான்ஸ்பார்மர்ல படார்னு ஒரு சத்தமாம். அதோட மோட்டார் நின்னுபோச்சு. நான் வூட்டுக்கு வந்து போனுக்கு சார்ஜ் போடலாம்னு பாத்தா வூட்டுக்கு கரண்ட் இருக்குது, தோட்டத்துக்குத்தான் இல்ல.

அப்பா சாப்படறப்ப அவர் போன்ல டிங்குனு ஒரு சத்தம். எனக்குத் தெரியும் என்னான்னு. நான் எழுதுன வரிதான: "எங்க முறை பாதியில நின்னுபோச்சு. நாளைக்குக் குடுக்கச் சம்மதமா? சரி / இல்லை."

போன கோடையேதான், திரும்ப.

அப்பா கைய நீட்டிப் போன எடுத்தாரு. படிச்சாரு. போனக் குப்புறக் கவுத்து வெச்சுட்டு ரசம் ஊத்தச் சொன்னாரு.

"என்னவாம்?" அம்மா.

"ஒன்னுமில்ல."

சரிய அழுத்துங்கப்பான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சொன்னா அப்பறம் அது நான் அழுத்துன மாதிரி. இருந்தாலும் மனசு கெடந்து அடிச்சுக்குது. வைவா பயமே இல்ல. இதான்.

பிப். 25, புதன்

விடிகாலை. பனி இல்ல. மோட்டார் சத்தம் கேட்டு எந்திரிச்சேன். கரண்ட் வந்துருச்சு. இன்னிக்கு எங்க முறை.

ஆப்பப் பாத்தேன். பெண்டிங். அவ்ளோதான், அப்பா அவர் வேலையக் காட்டிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு, பல்லுகூட வெளக்காம தோட்டத்துக்கு ஓடுனேன்.

எங்க மஞ்சள் காட்டு மடை அடைச்சுக் கெடந்துச்சு. தண்ணி வாய்க்கால்ல நேரா சித்தப்பா தக்காளிக்குப் போயிட்டிருந்துச்சு. அப்பா மம்பட்டியோட அந்த வரப்புல நின்னு பாத்தி பாத்தியாத் திருப்பி விட்டுட்டிருந்தாரு. சித்தப்பா அந்தக் கடைசியில. ரெண்டு பேரும் பேசிக்கல. ஒருத்தர் மடை தெறக்கறாரு, ஒருத்தர் அடைக்கறாரு.

கிட்டப் போனேன். "ஏம்பா, ஆப்ல சரிய அழுத்தவே இல்லயே?"

"அழுத்திக் குடுக்க அவன் என்ன வேத்தாளா? நீ கெளம்பு, பஸ்ஸ வுட்டுராத."

பஸ்ஸ வுட்டுட்டேன். அடுத்ததுல போனேன். ஆனந்த் எனக்கு முன்னாடி வந்திருந்தான், அதான் இன்னிக்கு அதிசயம்.

வைவா. வெளிய இருந்து வந்தவரு அட்மினக் கேக்கவே இல்ல. ஆப்பத் தெறந்து நோண்டிட்டே இருந்தாரு. "இந்தக் கோரிக்கை நேத்துல இருந்து பெண்டிங்ல இருக்குதே. தண்ணி குடுத்தாங்களா, இல்லயா?"

"குடுத்துட்டாங்க சார். காலையில."

"அப்ப ஆப் தப்பா காட்டுது. டேட்டாபேஸ்ல நீயே மாத்திரலாம் இல்ல? நீதான எழுதுன?"

"மாத்தலாங்க சார். ஒரு வரிதான். ஆனா நான் அட்மின் இல்லீங்க."

கைடு சார் குனிஞ்சு பேப்பர அடுக்குனாரு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. வெளியாளு என்னமோ எழுதிக்கிட்டாரு. அடுத்த டீமக் கூப்பிட்டாங்க. மார்க் அப்பறம்தான் தெரியும். நல்லாத்தான் வரும்.

வூட்டுக்கு வந்தேன். அடுப்பு மேடையில மஞ்சப்பை. அவரைக்காய் கொண்டுபோன அதே பை. வாய் கட்ட முடியாத அளவுக்குத் தக்காளி.

ஆப்ல இன்னும் பெண்டிங்.