மாப்பிள்ளை வண்டிக்கு எத்தனை யூனிட்?

மண்ணச்சநல்லூர்,
4 ஜூலை 2025

அன்பு மகள் சுஜாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே சுகம். உன் அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை புத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது.

நேற்று போனில் நான் கார் என்று வாயெடுத்ததும், "அதைப் பத்தி ஸ்கூல் அட்ரஸுக்கு லெட்டர் போடுங்கப்பா" என்று கிசுகிசுத்தாய். உடனே சத்தமாக, "ஆமாப்பா, இங்க நல்ல மழை" என்றாய். நான் மழையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனாலும் கவலை கவலைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ரெஜிஸ் அவருடைய எலக்ட்ரிக் காரை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ஓட்டிப் பாருங்க மாமா, பிடிச்சா நீங்களே வச்சுக்குங்க, வெளியாளுக்குக் கொடுக்க மனசில்ல. பேட்டரி தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் நல்லா இருக்கு" என்றார். ஊரில் மாமனார்தான் மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுப்பார். நான் மாப்பிள்ளையிடம் கார் வாங்கும் அதிசயப் பிறவி. அம்மாவை இனி பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டாமே என்றுதான் என் பி.எஃப். பணத்தைக் கொடுப்பதாகத் தலையாட்டிவிட்டேன்.

வண்டி தங்கம். ராத்திரி வயரைச் சொருகினால் காலையில் திரையில் நூறு காட்டுகிறது. மாப்பிள்ளை தொண்ணூற்றைந்து என்றார், இது நூறு! அவருக்கே தெரியாமல் ஐந்து கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் போல.

சொல் அம்மாடி, என்ன விஷயம்?

அன்புடன்,
அப்பா கிளமென்ட்


தாம்பரம்,
8 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்கு என் முத்தங்கள். இதை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த நூறைப் பார்த்து ஏமாறாதீர்கள் அப்பா. பாத்திரம் நிரம்பிவிட்டது என்றுதான் அது சொல்லும், பாத்திரம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லாது. ரைஸ் மில்லில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டாம். அடிப்பக்கம் நசுங்கிய படியும் தலை தட்டி அளந்தால் நிறைந்துதான் இருக்கும்.

இங்கே மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் பேட்டரியைச் சோதிக்கும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இவருக்கு உங்கள் ஞாபகம் வந்தது. இவர் கெட்டவர் இல்லை அப்பா. புது வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு, பழையது விற்காமல் மாட்டிக்கொண்டு பயந்துபோயிருக்கிறார்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். முழுக்க சார்ஜ் செய்து, ஏசி போட்டு, கிட்டத்தட்ட காலியாகும் வரை ஓட்டுங்கள். நம்பர் எங்கே எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு ஏதாவது ஒரு வீட்டில் மீட்டரைக் குறித்துக்கொண்டு திரும்ப நிரப்புங்கள். புதிதில் முப்பது யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அம்மாவை ஏற்றிக்கொண்டு இந்தச் சோதனை வேண்டாம். கம்பெனி சர்வீசுக்கும் போகாதீர்கள், உடனே இவர் போனுக்கு மெசேஜ் வரும். வண்டி எங்கே நிற்கிறது என்பதும் அந்தப் போனில் தெரியும்.

நான் சொன்னேன் என்று தெரியவே கூடாது. இவர் கை ஓங்குகிறவர் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். போன வருஷம் ஒரு சின்ன விஷயத்துக்கு இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களிடம் அதைச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் அப்படி இருப்பது எப்படி என்று எழுதத் தெரியவில்லை.

உங்கள்
சுஜா


மண்ணச்சநல்லூர்,
14 ஜூலை 2025

அன்பு மகள் சுஜாவுக்கு,

இரண்டு மாதம் என்ற வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு நானே நாலு தடவை படித்துக்கொண்டேன்.

சோதனை முடிந்தது. சனிக்கிழமை விடியற்காலை முழுச் சார்ஜோடு கிளம்பி, சமயபுரம் தாண்டி சென்னை ரோட்டில் போய்த் திரும்பினேன். நாற்பது வரைக்கும் நம்பர் புதுப்பெண் மாதிரி அடக்கமாக இறங்கியது. ஆனாலும் ஓடிய தூரம் கொஞ்சம்தான். ஏசி போட்டும் எனக்கு வேர்த்தது. பிறகு கொள்ளிடம் பாலம். பாலத்தின் இந்தத் தலையில் இருபத்தொன்பது. அந்தத் தலையில் பதினொன்று. நடுவில் நான் ஒன்றும் செய்யவில்லை, ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன், அவ்வளவுதான்.

அப்புறம் வண்டி நடக்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "பெருசு, எறங்கித் தள்ளிட்டே போயிரு, சீக்கிரம் போயிடலாம்" என்றார். எப்படியோ ஸ்ரீரங்கத்தில் பீமராவ் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மில்லில் கணக்கு எழுதினாரே, அவர்தான்.

"யோவ் கிளமென்ட்டு, ஜனங்க செல்போனுக்குத்தான் அடுத்த வீட்ல சார்ஜ் கேப்பாங்க. நீ காரையே எடுத்துட்டு வந்துட்டியா?" என்றார். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். வீட்டில் ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைக் குறித்தார். அவர் சம்சாரம் விசிறியோடு உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதிலேயே வண்டி பாதி சார்ஜ் ஆகியிருக்கும்.

மதியம் மாப்பிள்ளை போன். "மாமா, காலைல சமயபுரத்துல இருந்தீங்களே? மாரியம்மன் கோயிலுக்கா?"

"மில்லுக்காரர் ஒருத்தருக்கு மொட்டை, மாப்பிள்ளை. கூட்டிட்டுப் போனேன்."

"இப்ப ஸ்ரீரங்கத்துல ரொம்ப நேரமா நிக்குதே?"

"ராவ் வீட்ல விருந்துங்க. பாயசமே ரெண்டு ரவுண்டு."

நான் அன்றைக்குச் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம். கோயில் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் தனியாகப் பேச வேண்டும்.

சாயங்காலம் திரையில் நூறு வந்தது. மீட்டரைப் பார்த்தோம். முப்பதுக்கு மேல் போக வேண்டியது, பத்தொன்பதிலேயே ஏப்பம் விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரி போக வர இந்தப் பத்தொன்பதே தாராளம்தான். பத்தொன்பதுக்கு நான் பயப்படவில்லை. ஆனால் அந்தப் பாலம்? டயாலிசிஸ் முடிந்து வரும்போது உன் அம்மாவுக்குக் கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. அவளைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு வரும்போது, நம்பர் திடீரென்று பொத்தென்று விழுந்தால்?

வாங்க முடியாது அம்மாடி. வேண்டாம் என்றால் உன்னைச் சந்தேகப்படுவார். வேண்டும் என்றால் அம்மா. ராத்திரி முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் புரண்டேன்.

அப்பா


தாம்பரம்,
17 ஜூலை 2025

அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று சாப்பிடும்போது, "உங்கப்பாவுக்கு ஸ்ரீரங்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார். நான் பீமராவ் மாமாவைச் சொன்னேன். "அவரு என்ன மெக்கானிக்கா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வாங்காதீர்கள். பேட்டரி என்ற வார்த்தையையும் சொல்லாதீர்கள். வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் வாய் இருக்கிறதே.

சுஜா


மண்ணச்சநல்லூர்,
22 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காரணம் நான்தான்.

சனிக்கிழமை கடப்பாரையை எடுத்து நம் வீட்டு இரும்பு கேட்டை வளைத்தேன். அதன் உள்பக்கம் காரை நிறுத்தி, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ வீரமலைதான் போட்டோ எடுத்தான். அதை மாப்பிள்ளைக்கு அனுப்பி, "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, கிளட்ச் இல்லாத வண்டி எனக்கு ஒத்து வரல. எடங்கால் கிளட்சைத் தேடிட்டே இருக்கு, வலங்கால் அமுக்கிடுச்சு. வண்டிக்குக் கீறல் இல்ல, கேட்டுதான் போச்சு. இந்த வயசுல உங்க அத்தை அற்புதத்தை ஏத்திட்டு இதை ஓட்டப் பயமா இருக்கு" என்று சொன்னேன். மில் வேனைப் பதினெட்டு வருஷம் ஒரு கோழியைக்கூட இடிக்காமல் ஓட்டியவன் நான். அது அவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டார். "மாமா, உங்களுக்கு நடராஜா சர்வீஸ்தான் சேஃப்டி" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். உன் நாத்தனார்கூடச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். உன் மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் எனக்கு வேண்டியது.

உன் அம்மா மட்டும் கேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, உள்ள இருந்து கார் இடிச்சா கேட்டு வெளிப்பக்கம்ல வளையணும்? இது உள்பக்கமா வளைஞ்சிருக்கே?" என்றாள். பத்தாவது தாண்டாதவன் சதி செய்தால் இப்படித்தான். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வளைந்த கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இடிச்சிருக்கீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வீரமலை ஆட்டோவையே மாதக் கணக்கில் பேசிவிட்டேன். நீ கவலைப்படாதே. ஒரு வரி எழுது.

அப்பா


தாம்பரம்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். இதை வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை இவருடைய ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். இவர் உங்கள் போட்டோவைக் காட்டினார். எடங்கால், வலங்கால் எல்லாம் நடித்தே காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் என்னிடம், "உங்கப்பா செம காமெடிங்க" என்றார். நான் வழக்கமாகச் சிரித்துவிடுவேன் அப்பா. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனதும் இவரிடம் சொன்னேன். "எங்கப்பா வேன் டிரைவர். கேட்டை அவரே கடப்பாரையால வளைச்சார். பேட்டரியைச் சோதிக்கச் சொன்னது நான்தான். அம்மா உயிர் சம்பந்தப்பட்ட வண்டில நீங்க எங்கப்பாக்கிட்ட பொய் சொன்னீங்க. அதை மறைக்க அவர் உங்க முன்னாடி கோமாளியா நின்னார்." வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

இவர் எழுந்து உள்ளே போனார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியாது. முன்பு அந்த மௌனத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடிக்கொண்டே இருப்பேன். இந்தத் தடவை தேடவில்லை. சமைக்கிறேன், ஸ்கூலுக்குப் போகிறேன், தூங்குகிறேன். நீங்கள் புரளாமல் தூங்குங்கள்.

நேற்று அந்தக் கார் விற்பனை விளம்பரத்தைப் பார்த்தேன். "பேட்டரி புதுசு போல" என்று முன்பு இருந்த வரி இல்லை. அந்த இடத்தில், "பேட்டரி பலவீனம், சோதித்து வாங்கவும்" என்று இருக்கிறது. விலையையும் குறைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அம்மாவை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். ஊருக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். இன்று காலையில் பார்த்தால், மேலே பரணில் இருந்த என் ஊர்ப் பையை இறக்கித் துடைத்து வைத்திருந்தார்.

உங்கள்
சுஜா