அரைப்பேர் மாத்திரை

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். தேயிலை மலைக்குப் போகும் அம்மாமார் விட்டுப்போக, பிள்ளைமடுவத்தில் ஒன்பது குழந்தைகள். மூன்று பேருக்குச் சளி. முகமூடி போட்டுக்கொண்டேன். இந்த மாத்திரை தின்னும்வரை யாருடைய சளியும் எனக்கு ஆகாதாம், கண்டி டொக்டர் சொன்னது.

குட்டி யாழினி முகமூடியை இழுத்துவிட்டுக் கன்னத்தைக் குத்திப் பார்த்தாள். "ஆயா பலூன்!" மற்றதுகளும் வரிசையாக வந்தன. குத்தட்டும் என்று விட்டேன்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் புஷ்பம்: "அக்கா, நல்லா தேறிட்டீங்க! ஈரல்ல கட்டின்னாங்க, எல்லாம் கரைஞ்சிருச்சு போல." என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். ஆடி மாதம் புற்றுநோயோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுத மனிதர். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்து, புற்று இல்லை, ஈரல் வீங்கி உண்டான கட்டி, மாத்திரையிலேயே கரையும் என்றார்கள். அன்றிலிருந்து காலையில் எட்டு மாத்திரை எண்ணி என் உள்ளங்கையில் வைப்பது அவர்தான். மலையில் கொழுந்து நிறுத்து, முழு நாள் சம்பளத்துக்கு முழுப்பேர், பாதிக்கு அரைப்பேர் என்று பேர் போடும் கங்காணி. எண்ணிக்கை தப்பாது.

ஒக்டோபர் 9, வியாழன்

பசி. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: ரொட்டி 5, கட்டசம்பல், மறுபடி ரொட்டி 2, பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட். தாகம் வேறு. மடுவத்துப் படி ஏறத் தொடையில் பலமில்லை.

வலது காலில் அட்டைக்கடி. பதினொரு நாளாகிறது. அட்டை கடித்தே வளர்ந்த உடம்பு இது, மறுநாளே மறந்துபோகும். இந்த முறை சுற்றிலும் சிவந்து நீர் கசிகிறது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் இழுத்துப்போவார். புண்ணைப் பார்த்து டொக்டர் மாத்திரையை நிறுத்தினால் கட்டி திரும்ப வந்துவிடும். மஞ்சள் பற்றுப் போட்டுக் காலுறைக்குள் ஒளித்துவிட்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

எதற்கெடுத்தாலும் கோபம். கறியில் உப்பு அதிகம் என்று அவர் சொல்லவேயில்லை. சொல்வார் என்று நினைத்து முதலிலேயே சண்டைக்குப் போனேன். பாவம், சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைத்தார்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

முதல் பஸ். கினிகத்தேனையில் நின்றபோது வடை நான்கு.

கண்டி கிளினிக். நேர்ஸ் விரலைக் குத்திச் சீனி பார்த்தார். நம்பாமல் இன்னொரு விரலைக் குத்தினார். டொக்டர் காலுறையைக் கழற்றச் சொன்னார். புண்ணைப் பார்த்துவிட்டார். டொக்டர் சிங்களத்தில் கேட்டதை நேர்ஸ் தமிழில் கேட்டார்: "போன தடவை எட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நாலுக்குக் கொறைக்கச் சொன்னோமே. இப்ப எத்தனை போடுறீங்க?"

"எட்டு" என்றேன்.

கூட வந்த என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

போன தடவை நான் இரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது மருந்துத் துண்டை வாங்கியவர் அவர். குறைக்கச் சொன்னதை என்னிடம் மூச்சுவிடவில்லை. பழைய துண்டைக் காட்டி அட்டன் மருந்துக்கடையில் மீதி மாத்திரையை வாங்கியிருக்கிறார்.

"கொழுந்து கொறைஞ்சா அரைப்பேரு போடுவோம். நல்லா வேலை செய்யிற மாத்திரைக்கு எதுக்குங்க அரைப்பேரு?" நேர்ஸிடம் கேட்கிறார்!

நேர்ஸ் சிரிக்கவில்லை. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டதாம். கன்னம் ஊதியது மருந்தாலாம். சீனி ஏறியதும், புண் ஆறாததும் அதனால்தான். அதற்காக ஒரேயடியாக நிறுத்தினால் மயங்கி விழுவேனாம். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். வார்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒக்டோபர் 16, வியாழன்

வார்ட். வயிற்றில் சீனிக்கு ஊசி, கையில் புண்ணுக்கு மருந்து. காலில் சிவப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

மத்தியானம் அவர் வந்தார். தோடம்பழம் ஒரு பை.

"அந்தக் கட்டி திரும்ப வந்துருமோன்னு பயந்துட்டேன் புள்ள."

"என் ஒடம்புங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் திரும்பிப் பார்த்தது. புண்ணை மறைத்ததை நானும் சொன்னேன். நானும் அதே பயத்தில்தான். அவரை மட்டும் திட்ட வாய் வரவில்லை. தோடம்பழத்தை உரித்துத் தந்தார். அதையும் நேர்ஸைக் கேட்டுத்தான் சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில், அதிசயமாக. புண் காய்ந்துவிட்டது. மாத்திரைப் போத்தல் இப்போது என் கையில். இன்று முதல் நாலு.

துணி காயப்போடும்போது புஷ்பம் வாயில் கைவைத்தாள். "ஐயோ அக்கா, என்னா இப்படி எளைச்சிட்டீங்க! மறுபடியுமா?"

அவர் காதிலும் விழுந்தது. உள்ளே வந்தார். நான் நாலை எண்ணி எடுத்ததும் என் விலாவுக்குக் கீழே கை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ஒன்னே ஒன்னு கூடப் போட்டுக்கிறியா?"

மூடியைத் திருகினேன். "அரைப்பேருதாங்க" என்று சொல்லி விழுங்கினேன். பயந்துகொண்டேதான்.